ஒன்பது பூச்சு

தர்மபுரியில் துணி எடுக்க வருகிறவர்கள் துணியைத்தான் பார்க்கிறார்கள் என்று ராஜகம்பீரம் சில்க்ஸ் நிர்வாகம் இருபத்தெட்டு வருடம் நம்பியிருந்தது. போன சித்திரையில் அந்த நம்பிக்கை போய்விட்டது. சேர்மன் முத்துராஜின் மருமகன் பெங்களூரில் முகப்பூச்சு ஏஜென்சி எடுத்து, சரக்கு போகாமல், மிச்சப் பெட்டிகளை லாரியில் ஏற்றி மாமனார் கடைக்கு அனுப்பியதும் அதே வாரம்தான்.

பெட்டிகள் இறங்கிய மறுநாள் காலை விற்பனைப் பெண்கள் எண்பது பேரையும் பட்டுப் பிரிவில் நிற்க வைத்தார்கள். ஜெனரல் மேனேஜர் சந்திரமோகன் கையில் நாற்பத்தாறு பக்கப் புத்தகம் இருந்தது. அட்டையில் 'ராஜகம்பீரம் முகப்பொலிவு நெறிமுறை' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. உள்ளே எழுதியிருந்ததெல்லாம் அவரே யோசித்தது.

"இனிமே கஸ்டமர் முதல்ல பாக்கப் போறது உங்க முகத்தை. அதனால தினமும் ஒம்பது பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம். அந்த நேரத்துல பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரிச்சா பூச்சுல விரிசல் வுடும். ஒம்பதரைக்குக் கடை தொறக்குது, நீங்க ஏழரைக்கு வந்துடணும்."

"எதை முதல்ல போடணும்ங்க சார்?" என்று கேட்டாள் ஜெயபிரியா. முப்பத்து நான்கு வயது. எட்டு வருடமாகக் காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து பட்டுப் பிரிவில் நிற்பவள். முகத்துக்குச் சோப்பும், விசேஷ நாளில் பவுடரும் தவிர வேறொன்றும் அறியாதவள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சந்திரமோகன் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்.

"கம்பெனிக்கு முதல்ல வர்றது யாரு? வாட்ச்மேன். கடைசியா வர்றது யாரு? சேர்மன். முகத்துலயும் அதே ஒழுங்குதான். விலை கம்மியானது முதல்ல போகும். விலை ஜாஸ்தியானது மேல உக்காரும்."

அந்தக் கணக்குப்படி வெயிலுக்குப் பூசும் சன் ஸ்கிரீன் முதல் இடத்துக்கு வந்தது. அதன் மேல் எண்ணெய், எண்ணெய் மேல் கெட்டி க்ரீம், அதன் மேல் தண்ணீர் போன்ற டோனர். ஐந்தும் ஆறும் வெவ்வேறு சீரம். ஏழாவது, தோலை உரித்துப் புதுசாக்கும் ஆசிட் சீரம். எட்டாவது, சுருக்கம் போக்கும் நைட் க்ரீம். ஒன்பதாவது, முகம் கழுவும் ஃபேஸ் வாஷ்.

"கழுவறது கடைசியில வருதுங்களே சார்" என்றாள் ஜெயபிரியா.

"அது இத்தாலி சரக்கும்மா. இத்தாலிக்காரனைக் கூட்டியாந்து வாட்ச்மேன் பக்கத்துல உக்கார வைப்பியா?"

"இல்லீங்க. கழுவுனா மத்ததெல்லாம் போயிருமேன்னு..."

"கழுவக் கூடாது. பூசி அப்படியே வுட்ரணும். கழுவினா கீழ இருக்கற எட்டுக்கும் என்ன மரியாதை?"

எண்பது பேரும் கை தட்டினார்கள். கை தட்டாதவர்களின் பெயரைச் சூப்பர்வைசர் குறித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து ஜெயபிரியா ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாள். கடை வாசலில் தீர்த்தன் என்ற காவலாளிக்கு ஒரு டார்ச்சும் புதிய உத்தரவும் தந்திருந்தார்கள். சித்தேரி மலைக்காரரான தீர்த்தன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். குடோனில் பூசி முடித்து வாசலுக்கு வரும் ஒவ்வொரு முகத்திலும் டார்ச் அடித்து, பளபளப்பு இருந்தால் உள்ளே விடுவார். முகத்தில் சிவப்போ கொப்புளமோ இருந்தால் அது நெறிமுறையின்படி 'முகத் தகுதிக் குறைவு'. முன்வாசல் வழியாக அவர்களுக்கு அனுமதி இல்லை.

முதல் வாரத்திலேயே பூச்சுகள் தங்கள் குணத்தைக் காட்டின. எண்ணெய் மேல் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல், கன்னத்தைத் தொட்டால் அழிரப்பர் தூள் மாதிரி உருண்டு உருண்டு உதிர்ந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஓர் அம்மா, சேலையில் விழுந்த உருண்டைகளைப் பார்த்துவிட்டு, "பூச்சி வச்ச சேலையா காட்டறே?" என்று எழுந்து போனார். நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது. ஊழியர்கள் சேலைக்கு மேல் குனியக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. நிமிர்ந்து நின்று, கையை மட்டும் நீட்டி, சேலையைப் பார்க்காமல் விரிக்க வேண்டும்.

வைகாசியில் ஒரு மதியம் ஏ.சி. நின்றுபோனது. வியர்வை பட்டதும் ஒன்பதாவது பூச்சு நுரைத்தது. பட்டுப் பிரிவு முழுக்கப் பெண்கள் தாடையில் நுரையோடு நின்றார்கள். அன்று கடைக்கு வந்திருந்த சேர்மன் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "எவ்ளோ சுத்தமா இருக்காங்க பாரு" என்றார்.

ஜெயபிரியாவின் பக்கத்துக் கவுண்டரில் சமரீன் நின்றாள். வயது இருபத்திரண்டு. அவள் அப்பா முனாப், தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். அவருக்கு மூன்று மாதமாகக் கை நடுக்கம். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. ஆனி மாதம் முதல் வாரத்தில் அவள் இரண்டு கன்னங்களும் சிவந்து வீங்கின.

"எரியுதுங்க சார்" என்று சந்திரமோகனிடம் சொன்னாள்.

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இன்னொரு தரம் போடு."

போட்டாள். மறுநாள் கொப்புளம் வெடித்து நீர் வடிந்தது. ஜெயபிரியா லீவு போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். பூச்சு வரிசை எழுதிய தாளைத் தோல் டாக்டர் வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"யாரும்மா இந்த லிஸ்ட்டைக் குடுத்தது? வேண்டாதவங்களா?"

"எங்க ஜி.எம். சாருங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். "காலையில மூணே மூணு போதும். முதல்ல முகம் கழுவணும். அப்புறம் ஒரு சாதாரண க்ரீம். கடைசியா சன் ஸ்கிரீன். சீரம் போட்டே ஆகணும்னா கழுவினதுக்கு அப்புறம், க்ரீமுக்கு முன்னாடி. தண்ணியா இருக்கறது முதல்ல, கெட்டியா இருக்கறது அப்புறம். இந்த ஏழும் எட்டும் இருக்கே, ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. எட்டாவது ராத்திரிக்கு மட்டும். அதைப் பூசிக்கிட்டு வெயில்ல நின்னா மூஞ்சி வெந்துரும்." சொன்னதையெல்லாம் சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

ஜெயபிரியா அந்தச் சீட்டை ஒரு கடிதத்தோடு சேர்த்துச் சந்திரமோகன் மேசையில் வைத்தாள். வரிசை தவறு, இதனால் முகம் வெந்துபோகும், மாற்ற வேண்டுகிறேன் என்று நான்கு வரி. அவர் இரண்டையும் படித்தார்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? நோயாளியைத் தெரியும். எனக்குக் கஸ்டமரைத் தெரியும்" என்றார். பிறகு, நிர்வாகம் எந்தக் கடிதத்தையும் அலட்சியப்படுத்துவதில்லை என்பதால், 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, நகலை அவளிடம் கொடுத்தார்.

அன்று மாலை சமரீனைக் குடோனுக்கு அழைத்து மூன்று கோணங்களில் படம் எடுத்தார்கள். சிகிச்சைக்கு உதவத்தான் போலிருக்கிறது என்று அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். மறுநாள் காலை மூன்று படமும் வருகைப் பதிவு மெஷினுக்கு மேல் நோட்டீஸ் போர்டில் இருந்தன. மேலே 'அலட்சியத்தின் விளைவு'. கீழே அவள் பெயரும் ஊழியர் எண்ணும். பக்கத்தில் இன்னொரு தாள்: முகத் தகுதிக் குறைவால் சமரீன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.

சமரீன் அழவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள்.

"வேலை போனாப் போவுதுங்க சார். அந்தப் போட்டோவை மட்டும் எடுத்துடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானேம்மா வச்சிருக்கு? அது கம்பெனி சொத்து" என்றார் சந்திரமோகன். அவருக்கு அடுத்த மீட்டிங் இருந்தது.

அவளை பஸ் ஸ்டாண்டு வரை ஜெயபிரியாதான் கூட்டிப்போனாள். வழியில் சமரீன் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுனேங்க்கா. இந்தப் பக்கம் சரியா வந்துச்சான்னு வேற கேட்டேன்."

அதைக் கேட்ட நாளிலிருந்து ஜெயபிரியா, நிர்வாகத்துக்கு மிகப் பிடித்த ஊழியராக மாறினாள்.

நெறிமுறைப் புத்தகம் நாற்பத்தாறு பக்கத்தையும் மனப்பாடம் செய்தாள். ஏழரைக்கு வரச் சொன்னால் ஏழுக்கு வந்தாள். எந்தப் பெண் ஐந்து நிமிடத்துக்குப் பதில் நான்கு நிமிடம் நின்றாள் என்று அறிக்கை எழுதினாள். அறிக்கையில் இருந்த பெயர்கள் எல்லாம் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களுடையவை. அதை யாரும் கவனிக்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் அவளை 'முகக் கண்காணிப்பாளர்' ஆக்கிவிட்டார்கள். பூச்சு அலமாரியின் சாவி அவள் கைக்கு வந்தது.

சாவி வந்த அன்றைக்கே, பெண்கள் பூசும் ஒன்பது டப்பாக்களையும் காலி செய்து, டாக்டர் சொன்ன சாதாரண க்ரீமை ஒன்பதிலும் நிரப்பி வைத்தாள். ஒரு மாதத்தில் மிச்சமிருந்த எழுபத்தொன்பது முகமும் தெளிந்துவிட்டது. "பாத்தியா, புத்தகம் எப்படி வேலை செய்யுது!" என்று சந்திரமோகன் இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்தார்.

அந்த நேரத்தில்தான் ஜெயபிரியா இரண்டு யோசனைகள் கொடுத்தாள்.

"சார், தொழிலாளிக்கும் பட்டாணி அளவு, மேனேஜருக்கும் பட்டாணி அளவுன்னு இருக்குதுங்க. மரியாதைக் குறைவா தெரியுது."

சந்திரமோகனுக்கு உடம்பு சிலிர்த்தது. தனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வருந்தினார். புதிய அட்டவணை வந்தது: தொழிலாளிக்குப் பட்டாணி அளவு, சூப்பர்வைசருக்கு நிலக்கடலை, ஜெனரல் மேனேஜருக்கு நெல்லிக்காய், சேர்மனுக்கு எலுமிச்சை.

இரண்டாவது யோசனை, ஆவணியில் வரப்போகும் காரிமங்கலம் கிளைத் திறப்பு விழா பற்றியது. "சேர்மன் சாரும் நீங்களும் மேடையில உக்காந்து, ஜனங்க முன்னாடியே ஒம்பது பூச்சும் போட்டுக்கிட்டீங்கன்னா, இந்த ஜில்லாவே பேசும்ங்க."

ஜில்லா பேசும் என்ற சொல் சேர்மன் வரை போனது. அவர் உடனே சரி என்றார்.

விழாவைச் சந்தை நாளில் வைத்தார்கள். மேடைக்கு முதலில் பந்தல் போட்டிருந்தது. ட்ரோன் கேமராவுக்கு மேலிருந்து சேர்மன் முகம் தெரியவில்லை என்பதால் பந்தலைப் பிரித்தார்கள். பதினொன்றரை மணி வெயிலில், சிவப்பு வெல்வெட் நாற்காலியில் முத்துராஜும், பக்கத்தில் சந்திரமோகனும் உட்கார்ந்தார்கள். எதிரே ஆடு விற்க வந்தவர்கள், தக்காளிக் கூடைக்காரர்கள், விலையில்லாக் கைப்பைக்கு டோக்கன் வாங்கிய பெண்கள் என்று நல்ல கூட்டம்.

சேர்மன் மைக் பிடித்தார்.

"எங்கிட்ட வேலை செய்யற பொண்ணுங்க எல்லாம் எம் பொண்ணுங்க மாதிரி. இருபத்தெட்டு வருஷமா ஒருத்தரைக்கூட நான் உக்கார விட்டதில்லை. ஏன்? உக்காந்தா சேலை கசங்கும். கால் வலிச்சா வூட்டுக்குப் போய்த் தைலம் தேச்சுக்கலாம், கசங்குன சேலைக்கு என்ன தேய்க்கறது? சம்பளம் ஏத்துங்கன்னு கேக்கறாங்க. சம்பளத்தை ஏத்தினா செலவு பண்ணிருவாங்க. அதனால நான் அவங்க முகத்தை ஏத்தினேன். முகத்தைச் செலவு பண்ண முடியாது."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அது பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஜெயபிரியா புது கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். மேடைக்கென்று சீல் உடைக்காத பெட்டியைக் கொண்டு வந்திருந்தாள். அதில் சாதாரண க்ரீம் எதுவும் இல்லை. புத்தகத்தைப் பிரித்து மைக்கில் படித்தாள்.

"விதி நாலு. பூச்சு முடியும்வரை பேசுதல், சிரித்தல், முகம் தொடுதல் கூடாது."

முதல் பூச்சு, எலுமிச்சை அளவு. ஐந்து நிமிடம். இரண்டாவது, எலுமிச்சை அளவு. எண்ணெய் சேர்மனின் மீசை வழியாக வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மூன்றாவது க்ரீம் அவர் முகத்தில் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு போல நின்றது. நான்காவது அதன் மேல் ஒட்டாமல் வழிந்தது. ஆறாவது முடிவதற்குள் இரண்டு பேர் முகத்திலும் உருண்டைகள் திரண்டு மடியில் கொட்டத் தொடங்கின. முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்டது, "அந்தத் தாத்தா ஏம்மா உதுர்றாரு?"

ஏழாவது, ஆசிட் சீரம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடத்தை ஜெயபிரியா விநாடி பிசகாமல் காத்தாள். எட்டாவது பூச்சு பாதியில் இருக்கும்போது சேர்மனின் கண்களில் நீர் கோத்தது. உதட்டை அசைக்காமல் பேசினார்.

"எரியுதும்மா."

ஜெயபிரியா அவர் காதருகே குனிந்தாள். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்க சார். ஜி.எம். சார் சொன்னதுங்க." பிறகு சந்திரமோகன் பக்கம் திரும்பினாள். "இல்லீங்களா சார்?"

சந்திரமோகன் நெற்றி ஏற்கெனவே செம்பருத்தி நிறத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னால் புத்தகம் பொய். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கும் எட்டாவதைப் பூசினாள், நெல்லிக்காய் அளவு. வேண்டுமென்றே மெதுவாக, காது மடல் வரை பூசினாள்.

ஒன்பதாவது பூச்சுக்கு வெயிலும் வியர்வையும் உதவின. முதலில் சேர்மனின் புருவத்தில் நான்கு குமிழ். பிறகு மூக்கோரம். இரண்டு நிமிடத்தில் இருவர் முகமும் தெரியவில்லை, நுரை மட்டும் தெரிந்தது. நுரை கண்ணுக்குள் போனதும் முத்துராஜ் அலறிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததைப் பூச்சு முடிந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்ட விழா ஏற்பாட்டாளர், திட்டப்படி ஜிகினாத் தாள் பீரங்கியை இயக்கினார். தங்கமும் பச்சையுமாக ஜிகினா பறந்து வந்து இரண்டு முகத்திலும் அப்பியது.

"யோவ், தண்ணி ஊத்துங்கய்யா!" என்று ஓர் ஆட்டு வியாபாரி கத்தினார்.

"கழுவக் கூடாதுங்க, விதியில இருக்குது" என்றாள் ஜெயபிரியா மைக்கில்.

ஆனாலும் வியாபாரி இரக்கப்பட்டு, ஆடு குடிக்க வைத்திருந்த வாளியைத் தூக்கி ஊற்றினார். நுரை இரண்டு மடங்கானது. சேர்மன் ஜெனரல் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார், ஜெனரல் மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், மூன்றும் மேடையிலிருந்து தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இறங்கின. ட்ரோன் அனைத்தையும் மேலிருந்து தெளிவாக எடுத்து, கடையின் இணையப் பக்கத்தில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் சந்திரமோகன்.

மறுநாள் இருவரும் அதே தோல் டாக்டரிடம் போனார்கள். பூச்சு வரிசையை எடுத்து நீட்டியதும், "எனக்கு இது மனப்பாடம்" என்று அவர் வாங்காமலே மருந்து எழுதினார். அடுத்த நாள் முத்துராஜ் தன் கடைக்கு வந்தபோது தீர்த்தன் டார்ச் அடித்துப் பார்த்து, குறுக்கே கையை நீட்டினார்.

"முகத் தகுதிக் குறைவுங்க. குடோன் வழியா வாங்க."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. அதான் மரியாதையா சொல்றேன்."

பன்னிரண்டு நாள் சேர்மன் குடோன் வழியாகத்தான் வந்தார்.

விசாரணை அவர் அறையில் நடந்தது. இருவர் முகத்திலும் வெள்ளை மருந்து. ஜெயபிரியா நின்றுகொண்டிருந்தாள்.

"வேணும்னேதானே பண்ணினே?" என்று கத்தினார் சந்திரமோகன்.

"ஆமாங்க."

அந்தப் பதிலை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா புத்தகத்துல இருக்கறதுக்கு மேல ஒண்ணும் பண்ணலீங்க. தப்புன்னா புத்தகம் தப்புன்னு எழுதிக் குடுங்க, நான் போயிடறேன். மூஞ்சி வெந்துரும்னு ஆனி மாசமே எழுத்துல சொன்னேன்." கடிதத்தின் நகலை மேசையில் வைத்தாள்.

முத்துராஜ் நான்கு வரியையும் படித்தார். முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, வலிக்கும் கழுத்தை மெல்லத் திருப்பி, சந்திரமோகனைப் பார்த்தார். சந்திரமோகனுக்கு அன்று மாலையே வேலை போனது. உத்தரவில் காரணம் எழுத இடம் விட்டிருந்தார்கள். முகத் தகுதிக் குறைவு என்று, முகக் கண்காணிப்பாளர் என்ற முறையில் ஜெயபிரியாவே டைப் செய்து, இரண்டு முறை சரிபார்த்தாள்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமரீன் வீட்டுக்குப் போய், தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். படம் எடுத்தது, போர்டில் ஒட்டியது, வேலையை விட்டு நீக்கியது எல்லாம் அதில் இருந்தது. சமரீன் கையெழுத்துப் போட்டாள். ட்ரோன் படம் ஏற்கெனவே பெங்களூர் வரை போயிருந்ததால் புகார் வேகமாக நகர்ந்தது. வக்கீல் முத்துராஜிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அந்தப் பெண்ணே வாபஸ் வாங்கினால் ஒழிய வேறு வழியில்லை, நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

முத்துராஜ் ஆப்பிள் பையோடு போனார். கதவைத் திறந்த முனாப்புக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "மெஷின் ரிப்பேருங்களா?" என்று கேட்டார். சமரீன் வந்து நிலைப்படியில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவர் தெருவில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். பழைய வேலை, சூப்பர்வைசர் பதவி, உட்கார நாற்காலி, எல்லாம் தருவதாகச் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்றேங்க. அடுத்த வாரம் வாங்க" என்றாள்.

அடுத்த வாரம் வந்தார். இன்னொரு வாரம் ஆகும் என்றாள். அதற்கடுத்த வாரமும் வந்தார். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் வரும் நேரம் தெரிந்துவிட்டது, கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆறாவது வாரம் அவர் கெஞ்சினார்.

"எப்பம்மா ஒரு முடிவு சொல்லுவே?"

"முகம் சரியாவட்டும்ங்க."

அவர் ஆவலோடு தன் கன்னத்தைத் தடவிக் காட்டினார். "சரியாயிடுச்சேம்மா. பாரு, ஒரு தழும்புகூட இல்ல."

சமரீன் துப்பட்டாவை விலக்கினாள். இரண்டு கன்னத்திலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பினாள்.

"என்னோடதைச் சொன்னேங்க" என்றாள். கதவைச் சாத்தினாள்.